கண்ணுக்கு வைத்தியம், கல்லீரலுக்குக் காவல்



2005 டிசம்பர் 17, சனிக்கிழமை. நியூயார்க்கில் ஒரு சினிமா தியேட்டர். படம் தொடங்குவதற்கு முன் முன்னோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பார்வையில் ஒரு பக்கம் ஏதோ மினுங்குவதை அங்கே உட்கார்ந்திருந்த 72 வயது நரம்பியல் மருத்துவர் ஒருவர் கவனித்தார். ஒற்றைத் தலைவலிதான் வரப்போகிறது என்று முதலில் எண்ணினார். சிறு வயது முதலே அவருக்கு அந்தத் தொல்லை உண்டு. அவருடைய முதல் நூலே அதைப் பற்றியதுதான். ஆனால் ஒற்றைத் தலைவலியின் மினுக்கம் இரண்டு கண்ணுக்கும் பொதுவாக வரும். இது வலது கண்ணில் மட்டும் இருந்தது. சில நாள்களில் பரிசோதனையின் முடிவு வந்தது: வலது விழித்திரைக்கு அடியில் மெலனோமா என்ற புற்றுக்கட்டி.

அவர் பெயர் ஆலிவர் சாக்ஸ். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் மூளையைப் பற்றி எழுதிய ‘ஃபேன்டம்ஸ் இன் த பிரெய்ன்’ நூலுக்கு முன்னுரை தந்தவர் இவர்தான். பிறர் நோயைப் பொறுமையாகக் கேட்டு எழுதியே பெயர் பெற்றவர், இப்போது தன் நோயைத் தானே குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்புகள் 2010இல் ‘த மைண்ட்ஸ் ஐ’ நூலில் ஓர் அத்தியாயமாக வெளிவந்தன. கண் மெலனோமா வந்த ஒருவருக்கு என்னென்ன நேரலாம் என்பதை அறிய அதைவிட நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது. அதனால் இந்த உரை நெடுக சாக்ஸும் கூட வருவார்.

மெலனோமா என்றதும் வெயிலும் தோலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்கள் கண்ணுக்குள்ளும் உண்டு. கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ், அதன் பின்னால் இருக்கும் சிலியரி பகுதி, விழித்திரைக்கு அடியில் ரத்தக் குழாய்கள் நிறைந்து கிடக்கும் கோராய்டு ஆகிய மூன்றும் ஒரே படலத்தின் தொடர்ச்சி. கண்ணுக்குள் தோன்றும் மெலனோமாக்களில் பத்தில் ஒன்பது கோராய்டில்தான் வளர்கின்றன. கண்ணாடி முன் நின்று பார்த்தால் தெரியாது, வலிக்காது, கண் சிவக்காது. கட்டி பெரிதாகி, விழித்திரையைத் தூக்கி, நீர் கசியவிட்ட பிறகுதான் மினுக்கமோ, மங்கலோ, ஒரு பக்கம் திரை இழுத்தது போன்ற நிழலோ தோன்றும். எந்தத் தொந்தரவும் இல்லாமல், வேறு எதற்கோ கண்ணைக் காட்டப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்படுபவர்கள் பத்தில் மூவர்.

கண்ணாடிக் கடையில் செய்யும் கம்ப்யூட்டர் டெஸ்ட் பவரை மட்டுமே சொல்லும். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்களே, அதுதான் இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் சோதனை. மருந்தினால் கண் பாப்பா விரிந்த பிறகே மருத்துவரால் விழித்திரையின் ஓரம் வரை பார்க்க முடியும். ‘வேலைக்குத் திரும்பணும், சொட்டு மருந்து வேண்டாம்’ என்று எழுந்துவிடுபவர்கள் தவறவிடுவது இந்த ஒரே வாய்ப்பைத்தான்.

இது அபூர்வமான நோய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. நார்வே, டென்மார்க் பக்கம் இன்னும் கூடுதல். ஆசியாவில் பத்து லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. வெளிர் தோலும் நீலக் கண்ணும் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். ஆனால் இந்தியாவில் வருகிறவர்கள் மேலை நாட்டு நோயாளிகளைவிட இளையவர்கள். அங்கே அறுபதை ஒட்டி வரும் நோய் இங்கே நாற்பதுகளிலேயே எட்டிப் பார்க்கிறது.

கண்ணுக்குள் தெரியும் கரும்புள்ளியெல்லாம் புற்று அல்ல. தோலில் மச்சம் இருப்பதுபோல கோராய்டிலும் மச்சம் உண்டு. அதில் புற்றாக மாறுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 8,800 மச்சத்தில் ஒன்றுதான் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஒன்றை எப்படிப் பிரித்தறிவது? ஃபிலடெல்ஃபியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் ஜெர்ரி ஷீல்ட்ஸ், கரோல் ஷீல்ட்ஸ் தம்பதி ஆயிரக்கணக்கான கண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து அதற்கு அடையாளங்கள் வகுத்தார்கள். மச்சத்தின் தடிமன் 2 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, அடியில் நீர் கோத்திருக்கிறதா, மேலே ஆரஞ்சு நிறத் துகள் படிந்திருக்கிறதா, பார்வை நரம்புக்கு அருகில் இருக்கிறதா, அல்ட்ராசவுண்டில் உள்ளே வெறுமையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் எத்தனை கூடுகின்றனவோ அந்த அளவுக்குச் சந்தேகமும் கூடும். ஒன்றும் இல்லையென்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டால் போதும்.

பெரும்பாலான புற்றுகளில் சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிக்காமல் வைத்தியம் தொடங்கமாட்டார்கள். கண் மெலனோமா இதில் விலக்கு. நேரில் பார்ப்பதும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்தாலே தேர்ந்த கைகளுக்கு உறுதி கிடைத்துவிடும். கட்டி தன் மேலுள்ள மெல்லிய சவ்வைக் கிழித்து எழும்போது காளான் வடிவம் எடுக்கும். திரையில் அந்த வடிவம் தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தத் துல்லியம் எளிதில் வந்ததல்ல. மெலனோமா என்று சொல்லி எடுக்கப்பட்ட கண்களில் ஐந்தில் ஒன்றில் வேறு ஏதோ இருந்தது என்று 1964இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. புற்றே இல்லாமல் கண்ணை இழந்தவர்கள் அவர்கள். பின்னாளில் பெரிய ஆய்வொன்றில் இந்தத் தவறு ஆயிரத்தில் ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே, சின்ன கட்டியாக இருந்து, முதலில் பார்த்தவர் கண்ணை எடுக்கச் சொன்னால், கண் புற்றுக்கென்றே தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் இன்னொரு முறை காட்டிவிட வேண்டும். அப்படிக் காட்டுவது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

இனி வைத்தியம். நெடுங்காலமாக இதற்கு ஒரே வழிதான் இருந்தது: கண்ணை எடுத்துவிடுவது. 1930இல் லண்டனில் ஃபாஸ்டர் மூர் என்பவர் கதிர்வீசும் ரேடான் அடைத்த சிறு குழலைக் கட்டிக்குள் செருகிப் பார்த்தார். அந்த வழியை முறையான வைத்தியமாக வளர்த்தவர் ஹைலா ஸ்டாலர்டு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் பின்லாந்தின் பாவோ நூர்மிக்குப் பின்னால் ஓடி வெண்கலம் வென்றவர். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தில் அவரும் ஒரு பாத்திரம். ஓட்டப் பந்தயத்தை விட்ட பின் கண் மருத்துவரானார். கதிர்வீசும் கோபால்ட் பொருத்திய வளைந்த சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில், கட்டிக்கு நேர் பின்னால், தைத்துவைத்தார். இன்று ‘பிளேக்’ என்று மருத்துவமனைகளில் சொல்வது அதன் வழித்தோன்றலைத்தான்.

கண்ணைக் காப்பாற்றும் ஆசையில் உயிரைப் பணயம் வைக்கிறோமா என்ற அச்சம் மட்டும் மருத்துவர்களை விடவில்லை. 1978இல் வாஷிங்டனைச் சேர்ந்த நோய்க்குறியியல் அறிஞர் லோரன்ஸ் சிம்மர்மனும் கூட்டாளிகளும் நேர் எதிரான சந்தேகத்தைக் கிளப்பினார்கள்: கண்ணை எடுக்கும் அறுவையே புற்று செல்களை ரத்தத்தில் கலந்துவிடுகிறதோ? இரு தரப்பிலும் ஆதாரம் போதவில்லை. இதைத் தீர்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வில் இறங்கின. அதைக் காம்ஸ் என்று சுருக்கமாக அழைப்பார்கள். நடுத்தர அளவுக் கட்டியுள்ள 1,317 பேர் 1987 முதல் 1998 வரை அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கண் எடுக்கப்பட்டது. மறு பாதிக்கு அயோடின்-125 பிளேக். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது. தன் கண் போகுமா இருக்குமா என்பதைக் குலுக்கலுக்கு விட்டுக்கொடுத்த அந்த மனிதர்களுக்கு, பின்னால் வந்த ஒவ்வொரு நோயாளியும் கடன்பட்டிருக்கிறார்.

முடிவு என்ன? ஐந்து ஆண்டில் இரு பிரிவிலும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றில் 19 பேர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, புற்று பரவி இறந்தவர்கள் பிளேக் பிரிவில் நூற்றுக்கு 21, கண் எடுத்த பிரிவில் 17. புள்ளியியல் கணக்கில் அந்த இடைவெளிக்குப் பொருளில்லை. கண்ணை வைத்துக்கொண்டதால் உயிருக்கு ஆபத்து கூடவில்லை. ஆனால் கண்ணையே எடுத்தும் உயிருக்கு உத்தரவாதம் கிடைக்கவில்லை என்பது அதே முடிவின் மறுபக்கம். பலரும் முதல் பாதியைக் கேட்டு நிம்மதியோடு எழுந்துவிடுகிறார்கள். இந்த உரை அழுத்திச் சொல்ல வருவது இரண்டாவது பாதியை.

ஏன் அப்படி ஆனது? ஹெல்சிங்கி மருத்துவர்கள் 2000இல் இதற்கு விடை தேடினார்கள். நோயாளிகளின் உடலில் பரவிய கட்டிகள் எந்த வேகத்தில் வளர்கின்றன என்று அளந்து, காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். கண்ணுக்கு வைத்தியம் நடப்பதற்கு ஐந்து ஆண்டுவரை முன்னதாகவே முதல் செல்கள் வெளியேறிவிட்டிருக்கலாம் என்று அந்தக் கணக்கு காட்டியது. கண்ணுக்குள் நிணநீர்க் குழாய் கிடையாது. செல்கள் ரத்தத்தோடுதான் போக வேண்டும். போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நோய் பரவியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் தெரிகிறது. எனவே இந்த நோயில் எப்போதும் இரண்டு கேள்விகள் தனித்தனியே ஓடுகின்றன: கண் என்னவாகும், ஆள் என்னவாவார். முதலாவதைக் கண் மருத்துவர் பெரும்பாலும் வென்றுவிடுகிறார். இரண்டாவதற்கான விடையை கல்லீரல் வைத்திருக்கிறது.

பிளேக் வைக்கும் விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கட்டியின் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கிண்ணம். பெரும்பாலும் தங்கத்தால் ஆனது. அதன் உட்பக்கத்தில் அரிசி மணியளவு அயோடின் விதைகளைப் பதித்திருப்பார்கள். பின்பக்கம் கதிர் கசியாமல் தங்கம் தடுத்துவிடும். அறுவை அரங்கில் கண் பாப்பா வழியே விளக்கடித்து, கட்டியின் நிழல் வெண்விழியில் எங்கே விழுகிறதோ அந்த விளிம்பை மையால் குறிப்பார்கள். குறித்த இடத்தில் பிளேக்கைத் தைப்பார்கள். நடுவில் கண் தசை குறுக்கிட்டால் அதைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுப் பின்னர் சேர்ப்பார்கள். கட்டியின் உச்சிக்கு 85 கிரே கதிர் போய்ச் சேரும்வரை, சில நாள்கள், அது அங்கேயே இருக்கும். பிறகு இன்னொரு சிறு அறுவையில் எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு மில்லிமீட்டருக்குள் அடங்கும் கட்டி என்றால் ருத்தேனியம்-106 தகடு போதும். அதன் கதிர் அதிக ஆழம் போகாது என்பதால் கண்ணின் மற்ற பகுதிகள் தப்பும்.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய அயோடின் விதைகளைக் கொண்டு சென்னை சங்கர நேத்ராலயாவில் 2003 முதல் பிளேக் வைத்தியம் நடந்திருக்கிறது. அதே மையம் பின்னர் அணு உலைக் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்தெடுத்து உள்நாட்டிலேயே தகடும் செய்தது. வெளிநாட்டுத் தகட்டின் விலையால் தயங்கி நின்ற மருத்துவமனைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

புரோட்டான் கற்றை இன்னொரு வழி. 1975இல் ஹார்வர்டு சைக்ளோட்ரானில் எவாஞ்சலோஸ் கிராகூடாஸ் குழுவினர் தொடங்கிவைத்தது. வெண்விழியில் டான்டலம் உலோகத்தால் ஆன சிறு வளையங்களைத் தைத்து, அவற்றை எக்ஸ்ரேயில் குறியாக வைத்துக்கொண்டு கற்றையைச் செலுத்துவார்கள். முகத்தை அச்சு முகமூடியால் அசையாமல் பிடித்திருப்பார்கள். நோயாளி ஓர் ஒளிப்புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டும். கற்றை பாயும் நேரம் ஓரிரு நிமிடம்தான். நான்கைந்து நாளில் முடிந்துவிடும். மிகப் பெரிய கட்டிக்கும், பார்வை ஏற்கெனவே போய் வலிக்கும் கண்ணுக்கும் இன்றும் கண்ணை எடுப்பதே சரி. அப்படி எடுத்தவர்களுக்குப் பொருத்தும் செயற்கைக் கண்ணை எதிரே உட்கார்ந்திருப்பவர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

கதிர் கட்டியைக் கொல்கிறது. கூடவே பக்கத்து ரத்தக் குழாய்களையும் மெல்ல மெல்ல நலிவிக்கிறது. ஓராண்டு, இரண்டாண்டு கழித்து விழித்திரையில் நீர் கோத்தல், ரத்தக் கசிவு, கண்புரை, கண் அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வரலாம். காம்ஸ் ஆய்வில் பிளேக் வைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு மூன்றாண்டில் அந்தக் கண்ணின் பார்வை 6/60 அளவுக்கோ அதற்கும் கீழோ போனது. எட்டில் ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்குள் கண்ணை எடுக்கவும் நேர்ந்தது. இப்போது பெவாசிசுமாப் போன்ற ஊசிகளைக் கண்ணுக்குள் போட்டு இந்தச் சேதத்தைத் தள்ளிப்போட முடிகிறது. ‘கட்டி சுருங்கிவிட்டது’ என்று மருத்துவர் சொன்ன பிறகும் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டியது இதனால்தான்.

சாக்ஸுக்கு 2006 ஜனவரியில் பிளேக் வைத்தார்கள். பிறகு லேசரும் செய்தார்கள். வலது கண்ணின் நடுப்பார்வை கரைந்தது. அந்த இருட்டு வட்டத்தை அவர் தன் நோட்டில் வரைந்து வைத்தார். நீல வானத்தைப் பார்த்தால் மூளை அந்த ஓட்டையை நீலத்தால் நிரப்பிக் காட்டும் விந்தையையும் எழுதினார். 2009இல் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, எஞ்சியிருந்த பார்வையும் போயிற்று. முப்பரிமாணப் படங்களை அவ்வளவு நேசித்து, நியூயார்க் ஸ்டீரியோஸ்கோப்பிக் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தவருக்கு உலகம் தட்டையாகிவிட்டது. படிக்கட்டு எங்கே முடிகிறது என்பதைக் கண்ணால் நம்ப முடியவில்லை. ஒரு கண் போனால் மறு கண் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்கிறவர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

பரவுமா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? கணிசமாக முடியும். 1996இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கட்டியின் செல்களில் மூன்றாம் குரோமோசோம் ஒன்று தொலைந்திருந்தால் நோய் பரவும் வாய்ப்பு மிக அதிகம் என்று காட்டினார்கள். 2010இல் அந்தக் குரோமோசோமில் இருக்கும் பி.ஏ.பி.1 என்ற மரபணு பழுதாவதே காரணம் என்று வில்லியம் ஹார்பர் குழு கண்டுபிடித்தது. அவர் உருவாக்கிய மரபணுச் சோதனை கட்டிகளை வகை பிரிக்கிறது: முதல் வகையின் நல்ல பிரிவில் ஐந்தாண்டில் பரவுவது நூற்றுக்கு இரண்டு, இரண்டாம் வகையில் நூற்றுக்கு 72. பிளேக் தைக்கும் அறுவையின்போதே மெல்லிய ஊசியால் சில செல்களை எடுத்துவிடலாம். பின்னால் எடுக்க நினைத்தால் கதிர் பட்ட செல்களில் விடை தெளிவாக வராது. எனவே அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். தெரிந்து என்ன ஆகப்போகிறது, மனம்தானே உடையும் என்று சிலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் இயல்பானது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனாலும் யாருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்பதை முடிவு செய்ய இந்த விடைதான் அடிப்படை. குடும்பத்தில் சிறுநீரகப் புற்றோ, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமாவோ இருந்தால், பி.ஏ.பி.1 பழுது பரம்பரையாக வருகிறதா என்றும் பார்ப்பார்கள்.

சாக்ஸின் கட்டி பரவ வாய்ப்பு குறைவு என்றே மருத்துவர்கள் கருதினார்கள். ஒன்பது ஆண்டுகள் நலமாக இருந்தார், புத்தகங்கள் எழுதினார், நாள்தோறும் நீந்தினார். 2015 பிப்ரவரியில் கல்லீரலில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிகள் அடைத்துவிட்டதை ‘நியூயார்க் டைம்ஸ்’ கட்டுரையில் அறிவித்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, 82 வயதில் காலமானார். ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று மற்ற புற்றுகளில் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. இருபது ஆண்டு கழித்துப் பரவியவர்களும் உண்டு.

பரவிய பிறகு கைவசம் என்ன இருக்கிறது? தோல் மெலனோமாவில் அற்புதம் செய்த நோயெதிர்ப்பு மருந்துகள் கண் மெலனோமாவில் பெரும்பாலும் சோர்ந்துபோயின. முதல் வெளிச்சம் 2021இல் வந்தது. டெபென்டாஃபஸ்ப் என்ற மருந்து நோயெதிர்ப்பு டி செல்லையும் புற்று செல்லையும் அருகருகே இழுத்துப் பிணைக்கும். 378 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் இந்த மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 73. மற்ற வைத்தியம் பெற்றவர்களில் 59. 2022 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. வாரம் ஒருமுறை ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும். முதல் மூன்று முறை காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு வரலாம் என்பதால் இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கவைப்பார்கள். தோலிலும் அதே நிறமிச் செல்கள் இருப்பதால் உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பும். இது யாருக்கு வேலை செய்யும் என்பதில்தான் ஒரு தடை: எச்.எல்.ஏ. ஏ-02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே. ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது உண்டு, இந்தியரிடம் குறைவு. நம் மக்களிடம் அதிகம் காணும் உட்பிரிவுகள் வேறு. நம் திசு வகைகளுக்கும் பொருந்தும் மருந்துகள் வர வேண்டும் என்று இங்கிருந்து யாரேனும் உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது. அந்த வகை இல்லாதவர்களுக்குக் கல்லீரலை மட்டும் குறிவைக்கும் வழிகள் இருக்கின்றன: ஒன்றிரண்டு கட்டி என்றால் வெட்டி எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது, கல்லீரல் ரத்தத்தைத் தற்காலிகமாகத் தனிமைப்படுத்தி மெல்ஃபலான் என்ற புற்று மருந்தைப் பாய்ச்சுவது. இந்தக் கடைசி முறைக்கு அமெரிக்கா 2023 ஆகஸ்டில் அனுமதி தந்தது. கட்டி சின்னதாக, எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கும்போது பிடித்தால்தான் இவற்றில் பலவற்றுக்கு இடம் உண்டு.

இதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும், கல்லீரலைப் படம் எடுக்கச் சொல்கிறது. கதிர் இல்லாத எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் சிறந்தது. ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் சிறு கட்டிகள் நழுவிவிடும். சென்னையிலோ ஐதராபாத்திலோ கண்ணுக்கு வைத்தியம் முடித்துத் திருநெல்வேலிக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ திரும்புகிறவர் இந்த ஸ்கேனுக்காக மறுபடி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மாவட்டத் தலைநகரிலேயே எடுக்கலாம். கட்டியின் உயரம், அகலம், இருந்த இடம், மரபணுச் சோதனையின் விடை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்ற ஐந்தையும் ஒரே தாளில் எழுதித்தரும்படி கண் மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் எடுப்பவரிடம் ‘வயிறு ஸ்கேன்’ என்று மட்டும் சொல்லாமல் கண் மெலனோமா இருந்ததைச் சொல்ல வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிந்தால் அவர் பார்க்கும் விதமே மாறும். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் படங்களின் சி.டி.யையும் கேட்டு வாங்கி, தேதி எழுதி, ஒரே ஃபைலில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முந்தைய படம் பக்கத்தில் இருந்தால்தான், கல்லீரலில் தெரியும் 8 மில்லிமீட்டர் புள்ளி புதிதா, பல காலமாக அங்கேயே கிடப்பதா என்று அவரால் சொல்ல முடியும்.